ஒரு கை குடுங்க, அண்ணாச்சி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். சண்டைக்கு வரமாட்டேன். போன ஆனி பதினாறாம் தேதி சாயங்காலம் இது எனக்கே நடந்தது. அதுவரைக்கும் பேய் என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேராகவே கேலி பண்ணுகிற ஆள் நான்.

என் பெயர் ஞானசம்பந்தம். தென்காசிக்காரன். கையில் பிடித்து மரம் அறுக்கிற பழைய எஞ்சின் மிஷின்களைப் பார்த்து, இன்ன வருஷத்தது, இன்ன விலை போகும் என்று சொல்வது தொழில். அறுபது வருஷத்து மிஷினை ஆசைப்பட்டு வாங்கி வைக்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். மிஷினில் பொறித்த நம்பர் தேய்ந்திருக்கும். அதன்மேல் நாலு தடவை பெயின்ட் வேறு அடித்திருப்பார்கள். நான் விரலால் தடவிப் படித்துவிடுவேன். “அண்ணாச்சிக்கு வெரலுலதான் கண்ணு” என்பார்கள். அந்த விரல்தான் எனக்குச் சோறு போட்டது.

ஆயிரப்பேரியில் இருந்து முத்துவடிவு என்ற அம்மா போன் பண்ணியிருந்தார். வீட்டுக்காரருடைய மிஷினை விற்க வேண்டுமாம். போனேன். குற்றாலத்தில் சீசன் நேரம், சாரல் விடாமல் தூறியது. வீடு பூட்டிக் கிடந்தது. பின்னால் தோப்பில் ஷெட் மட்டும் திறந்திருந்தது. மணி 4.32.

உள்ளே ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. நான் சுடலைராஜ், முத்துவடிவு வீட்டுக்காரன். மிஷினு பரண்ல இருக்கு.”

தகரக் கூரை. ஆனால் சாரல் சத்தம் உள்ளே கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

“இறக்க ஒரு கை குடுங்க. முப்பது வருசம் மரம் அறுத்து என் கை மரத்துப்போச்சு. வெரலுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

“அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு” என்றேன்.

துண்டை எடுத்தார். சேர்ந்து இறக்கும்போது அவர் விரல் என் விரல்மேல் பட்டது. ஐஸ்...

மிஷினைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே அதிர்வைத் தாங்குகிற ரப்பரே இல்லை.

“ரப்பர் வைக்கிறதுக்கு முந்தின மாடல். அதான் உதறல் பூரா கையில ஏறியிருக்கு. ஆனா, இதுக்கு விலையே அதனாலதான்.”

அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பரைத் தடவினேன். ஏழு. மூன்று. ஒன்று...

நாலாவது தெரியவில்லை.

மறுபடி தடவினேன். முதலில் தெரிந்த ஏழும் இப்போது தெரியவில்லை. தொடுகிறேன் என்பதே தெரியவில்லை.

குளிராக இருக்கும் என்று நினைத்தேன். சரி, எஞ்சினையாவது பார்ப்போம் என்று கயிற்றை இழுத்தேன்.

ட்ர்ர்ர்ர்ர்...

ஒரே இழுப்பில் ஓடியது. மணி 4.47.

அப்போதுதான் பார்த்தேன். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

ஆனாலும் ஓடியது.

பின்னால் குரல்.

“இப்பம் தெரியுது, அண்ணாச்சி...”

திரும்பினேன்.

யாரும் இல்லை.

பைக்கை எடுத்தேன். கைப்பிடியைப் பிடித்திருக்கிறேனா என்று வழியெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பயம் வரவில்லை. மனசும் விரலோடு சேர்ந்து மரத்துவிட்டதோ என்னவோ.

7.10க்கு முத்துவடிவு போன்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. புளியங்குடியில பஸ்ஸு கெடைக்கல. நாளைக்கு வாறியளா? ஷெட்டு சாவி எங்கிட்டல்லா இருக்கு.”

“வீட்டுக்காரர்...?”

“அவுக தவறி நாப்பது நாளாச்சே.”

நான் அங்கே போனதைச் சொல்லவில்லை.

டாக்டர்கள் நரம்பில் கரண்டு வைத்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லையாம். தொழிலை விட்டுவிட்டேன். சட்டைப் பொத்தானை என் மனைவிதான் போட்டுவிடுகிறாள். சூடான டம்ளரைப் பிடித்துத் தோல் உரிந்தது. அதுவும் பார்த்துத்தான் தெரிந்தது.

போன வாரம் முத்துவடிவு மறுபடி கூப்பிட்டார். மிஷின் பேச்சே எடுக்கவில்லை.

“அவுக கனவுல வந்தாவ, அண்ணாச்சி. என் கன்னத்தைத் தொட்டுப் பாத்தாவ. கை சரியாயிட்டாம், வெரலுல எல்லாம் தெரியுதாம். எப்படின்னு கேட்டேன். தென்காசி அண்ணாச்சி ஒருத்தரு குடுத்துட்டுப் போனாருன்னு சொல்லுதாவ...”

பிறகு அவரே கேட்டார்.

“உங்களுக்குத் தெரிஞ்சவுகளா?”