மூன்றாவது வளைவில் நான் கட்டிய வரப்பு

போன ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேருக்கு முன்னால் வாயைத் திறந்தேன்.

உங்களுக்கு இது ஒரு விஷயமா? இருக்காது. பேங்க்கில் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்கக் கூச்சப்பட்டு, கூட்டம் கலையட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவள் நான். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேசுகிறாயே என்றால்... நீங்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கிறதில்லை. அந்தத் தைரியம்தான்.

ஐந்தருவிக்கு மேலே நாங்கள் பாதை போடுகிற கதையை முன்னாலேயே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை. வண்டி போகிற ரோடு இல்லை. நடந்து போக ஓர் ஒற்றையடிப் பாதை. சரிவில் வளைந்து வளைந்து ஒரு பெரிய பாறை வரைக்கும் போகும். அங்கே நின்றால் தென்காசிக் கோபுரம் சுண்டுவிரல் அளவுக்குத் தெரியும். முறையாக அனுமதி வாங்கி, ஞாயிறுதோறும் நாங்களே வெட்டுகிறோம். கூலி கிடையாது. இட்லி உண்டு.

எங்களை மேய்க்கிறவர் ஏட்டையா. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில் இல்லாமலே விசில் சத்தம் வரும் தொண்டை.

நான் ஏன் போகிறேன்? மலை மேல் பிரியமா? பொய் சொல்ல மாட்டேன். குத்துக்கல்வலசையில் எங்கள் தெரு முழுக்கப் புது வீடுகள். எல்லா வீட்டுக்கும் கேட். எல்லா கேட்டும் சாத்தியிருக்கும். வீட்டுக்காரர் காலமான பிறகு, திங்கள் முதல் சனி வரைக்கும் ஓர் ஆளிடம் நேரில் நான் வாய் திறந்து சொல்லுகிறது இரண்டே வார்த்தை. பால்காரரிடம், "அரை லிட்டர்."

பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நோட்டீஸ் பார்த்தேன். 'மலைப்பாதை அமைக்கத் தன்னார்வலர்கள் தேவை.' அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த வார்த்தை புதுசு. யாரிடமும் கேட்கவும் வெட்கம். கூப்பிடாமலே வருகிறவர்கள் போலிருக்கிறது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அப்படியென்றால் அது நான்தானே?

போய் நின்றேன். ஏட்டையா ஏற இறங்கப் பார்த்தார். "மம்பட்டி பிடிப்பியளா ஆச்சி?" தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

மலைப்பாதைக்கு எதிரி மழைத் தண்ணீர். பாதை வழியாகவே ஓடவிட்டால் நாலு நாளில் அரித்து ஓடையாக்கிவிடும். அதனால் அங்கங்கே பாதைக்குக் குறுக்கே, சாய்வாகக் கல் பதித்து, சின்ன வாய்க்கால் மாதிரி வெட்டிவிடுவோம். தண்ணீர் அதில் திரும்பிப் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். 'தண்ணி வெட்டு' என்போம்.

மூன்றாவது வளைவு வெட்டுக்குக் கல் பதித்தவர் ஓர் அண்ணாச்சி. வீரகேரளம்புதூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அந்த வெட்டில் சேருகிற இலைதழையை அள்ளிப் போடுவது என் வேலை.

அங்கேதான் தப்புச் செய்தேன்.

வெட்டுக்குக் கீழே, பாதையின் ஓரத்தில், இளசாக ஒரு நாவல் மரம். தண்ணீர் அதன் வேரைக்கூட நனைக்காமல் பக்கத்தில் இறங்கி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் வயலில் நின்ற கை இது. மடை திறந்து, வரப்பு அடைத்து, சொட்டுச் சிந்தாமல் கடைசி வயல்வரை தண்ணீரைக் கொண்டுபோன கை. சும்மா இருக்குமா?

மூன்று மம்பட்டி மண். மரத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு வரப்பு. மம்பட்டியின் முதுகால் தட்டி, மெழுகினாற்போல் பண்ணிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டுவார்களா என்ன?

அந்த வாரம் சாரல் விடாமல் அடித்தது. ஞாயிறு போய்ப் பார்த்தால் மூன்றாவது வளைவின் ஓரம் அப்படியே சரிந்து கிடக்கிறது. பதித்த கல்லெல்லாம் பள்ளத்தில். நாவல் மரம் அரைச் சாய்வில். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன்... அது நின்று, ஊறி, ஓரத்தையே கூழாக்கி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வரப்பும் மண்ணோடு போய்விட்டது. சாட்சியே இல்லை.

ஏட்டையா அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"என்னவே இது? கடையில சோப்பு அடுக்குத மாதிரி அடுக்கினா கல்லு நிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்லா கெட்டிச்சுத்தான் வச்சேன்வே..." என்றார் அண்ணாச்சி.

"கெட்டிச்ச லட்சணம் பள்ளத்துல கெடக்கு பாரும். இனும நீரு கல்லு சுமந்தாப் போதும். பதிக்க வேண்டாம்."

நான்? வாயைத் திறக்கவில்லை. யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதிகம் பேசாதவர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று ஊர் நம்புகிறது. எங்களுக்கு அது எவ்வளவு வசதி தெரியுமா!

உள்ளே வேறொரு பயமும் இருந்தது. சொன்னால், "வயசாயிட்டு ஆச்சி, நீங்க வீட்டுல இருங்க" என்று சொல்லிவிடுவார்களோ? அப்புறம் எனக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? அந்த ஒரு நாளும் போனால் மிச்சம் அரை லிட்டர்தான்.

வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு அண்ணாச்சி வந்தார். கல்லைச் சுமந்தார், இறக்கினார், நகர்ந்து நின்றார். பதினோரு மணிக்கு இட்லிப் பொட்டலம் பிரித்தோம். கூட்டமெல்லாம் ஒரு பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தள்ளி ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி.

தனியாக உட்கார்ந்து தின்னுகிற இட்லி எப்படி இருக்கும் என்று என்னிடம் கேளுங்கள். சட்னி சரியாகவே இருக்கும். தொண்டையில்தான் நிற்கும்.

எழுந்து நின்றேன்.

"அது நான்."

யாருக்கும் கேட்கவில்லை. கஷ்டப்பட்டு வெளியே வந்த வார்த்தையை இரண்டாம் தடவை சொல்லவேண்டி வந்த கொடுமையை என்ன சொல்ல?

"ஏட்டையா... மூணாவது வளைவு சரிஞ்சது என்னால. அண்ணாச்சி கல்லு நல்லாத்தான் இருந்தது. நான் மரத்தைச் சுத்தி வரப்பு கட்டிட்டேன்."

"வரப்பா? எதுக்கு ஆச்சி?"

"தண்ணி வீணாப் போகுதேன்னு..."

ஏட்டையாவின் விசில் தொண்டை வெடித்தது.

"தண்ணி வீணாப் போகணும்னுதான ஆச்சி, ஆறு மாசமா இங்கன மண்ணு சுமக்கோம்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணாச்சி சிரிக்கவில்லை. இட்லியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "ஒரு வாரமா கடையில கூட்டல் தப்புது எனக்கு. கல்ல எங்கன கோட்டை விட்டேன், எங்கன கோட்டை விட்டேன்னே மனசு ஓடுது. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

தலையைக் குனிந்தேன்.

"சரி, வாரும்வே இங்கன" என்று ஏட்டையா நகர்ந்து இடம் விட்டார். அண்ணாச்சி பொட்டலத்தோடு கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார். பாறை காலியானது. நான் அதில் போய் உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

கிளம்புகிறபோது ஏட்டையா வந்தார்.

"மழை பெய்யும்போது ஒரு ஆளு நடந்து பாக்கணும் ஆச்சி. தண்ணி எங்கன நிக்கு, எங்கன அரிக்குன்னு. ரெண்டு மாசமாக் கேக்கேன், ஒருத்தனும் நனைய மாட்டேங்கான். மூணாவது வளைவு வரைக்கும் போதும். போவியளா?"

இது தண்டனையா, வேலையா? இதை எழுதுகிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை சாரல் பிடித்தது. பஸ் ஏறிப் போனேன். மம்பட்டியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கம்பு மட்டும். பாதையில் ஈ காக்கை இல்லை. காலில் ஏறின அட்டைகள்தான் கூட வந்தன.

ஞாயிறு இட்லிக்குப் பிறகு அண்ணாச்சியே திரும்பப் பதித்திருந்த கல்லில் தண்ணீர் வந்து திரும்பியது. சாய்ந்த நாவல் மரத்தை ஒட்டி இறங்கி, பள்ளத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நல்ல தண்ணீர்... கை பரபரக்கத்தான் செய்தது. முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போன். புனேயிலிருந்து மகன். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். இரண்டு நிமிஷத்தில், "வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவான்.

"எங்கம்மா இருக்க? ஒரே எரைச்சலா கேக்கு?"

"வேலையா இருக்கேன்ய்யா. அப்புறம் பேசுதேன்" என்று நான் வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு, போனில் விழுந்த சாரலைத் துடைத்துத் துடைத்து, அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏட்டையாவுக்குச் சொல்லவேண்டிய ரிப்போர்ட்டை உங்களிடமே முதலில் சொல்லிவிடுகிறேன் — மூன்றாவது வளைவில் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை.