மாத்திரை போட்டால் வராதவள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்கு ஆமை என்று பேர். முன்னால் போகிற வண்டி எவ்வளவு ஊர்ந்தாலும் ஹாரன் அடிக்க மாட்டார். "ஆமை வர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்" என்று மற்ற டிரைவர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார். அவருக்கும் சேர்த்து வாயாடக் கதவோரத்து சீட்டில் அவர் மனைவி இருந்தாள். "உங்க வேகத்துலதான் போன வாரம் ஒரு புள்ள வாந்தி எடுத்துச்சு, பார்த்தேன்" என்று அவள் ஒரு போடு போட்டால் அத்தனை பேரும் கப்சிப்.

பிள்ளைகளைக் கைபிடித்து இறக்கிவிடுவது அவள் வேலை. கடைசிப் பிள்ளையையும் விட்ட பிறகு ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இறங்கியாச்சு, எடுங்க" என்பாள். அந்தச் சொல் காதில் விழாமல் அவர் வண்டியை ஷெட்டுக்குத் திருப்பியதே இல்லை.

ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்த சீட்டில் வேறு யாரையும் உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. தூக்கமும் அவளோடு போயிற்று. விடியப் போகிற நேரத்தில் கொஞ்சம் கண் அசந்தால் மட்டும் அவள் வருவாள். வந்து கொஞ்சுவாள் என்று நினைக்க வேண்டாம். "சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க, தெருவே சிரிக்குது" என்பாள். "குழாய் சொட்டுதே, காது கேக்கலையா?" என்பாள். அந்தத் திட்டுக்காகவே அவர் கண் எரியக் காத்துக் கிடந்தார்.

அவருடைய அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, கண்ணு ரெண்டும் குழியில கெடக்கு. ஊரான் பெத்த புள்ளைங்கள ஏத்திட்டுப் போற. கிளம்பு" என்று டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, மூளையில செரோடோனின்னு ஒண்ணு இருக்கு. பகல்ல நம்மள நிதானமா முழிச்சிருக்க வைக்கிறது அது. இருட்டினதும் தூக்கத்தைக் கூட்டிட்டு வர்ற சுரப்பும் அதுல இருந்துதான் உண்டாகுது. துக்கத்துல உங்களுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கலைஞ்சு போச்சு. இந்த மாத்திரை அதைச் சீக்கிரம் கரைஞ்சு போகாம நிறுத்தி வைக்கும். உடனே கேக்காது, சில வாரம் பொறுக்கணும்."

பொறுத்தார். தூக்கமும் வந்தது. கல்லைப் போட்ட மாதிரி தூங்கி எழுந்தார். "இப்பத்தான்டா மனுஷனாட்டம் இருக்க" என்று அக்கா ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். ஆனால் அவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. மனைவி வருவது நின்றுபோயிருந்தது.

அவள் ஏன் வருவதில்லை என்று வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடமே கேட்டார். டாக்டரம்மாவுக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. "கனவு வர்ற நேரத்துல மட்டும் அந்த செரோடோனின் பேச்சை நிறுத்திடும் ஐயா. மாத்திரை போட்டா அது பேசிக்கிட்டே இருக்கும், கனவு குறைஞ்சிடும். நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா தடுத்து வச்ச கனவெல்லாம் ஒண்ணாப் பாயும், தூக்கம் துண்டு துண்டாப் போயிடும்."

நிறுத்தச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். கனவு பாயும் என்ற ஒரு வார்த்தைதான் அவர் மனசில் நின்றது. மாத்திரை அட்டையை வேனின் டாஷ்போர்டு டப்பாவுக்குள், பழைய துணிக்கு அடியில் செருகி வைத்தார்.

தலை சுற்றியது, கை உதறியது. ஆனால் அவள் வந்தாள். படுத்தால் வந்தாள், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் வந்தாள். "எங்க போயிருந்தே?" என்று கேட்டால், "நானா போனேன்? நீங்கதான் கதவைச் சாத்திட்டீங்க" என்றாள். அத்தனை தெளிவு.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கடைசி வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மர நிழலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். "எல்லாம் இறங்கியாச்சு, எடுங்க" என்றது குரல். நிமிர்ந்தார், எடுத்தார். ஷெட்டில் விட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். சந்தேகமே வரவில்லை. அவள் சொல் என்றைக்குத் தப்பியது?

கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் கடைசி வீட்டிலிருந்து போன் வந்தது. "டிரைவர், பாப்பா இன்னும் வரலையே?"

செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினார். பின் சீட்டில் தூங்கிப்போயிருந்த குழந்தை, முழித்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, தலைமுடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "மாமா, யாருமே இல்ல மாமா."

தண்ணீர் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் அதன் அம்மா கையில் கொடுத்தார். பொய் சொல்லவில்லை. "தூங்கிட்டேன்மா. பாப்பா உள்ள இருந்தது தெரியாமப் பூட்டிட்டேன்." அந்த அம்மா பாப்பாவின் வேர்த்த நெற்றியைத் துடைத்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

வேனுக்குத் திரும்பி வந்து மனைவியின் சீட்டில் உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே வராத" என்றார். "நீ சொன்னா நான் வண்டிய எடுத்துடுவேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வராதம்மா."

சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கடிந்துகொண்டார், பிறகு மறுபடி மாத்திரை எழுதினார். இனி ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லும்வரை அந்த வேனை வேறு ஒருவர் ஓட்டினார். அந்தப் பாப்பாவை அதன் அம்மா பிறகு அந்த வேனில் அனுப்பவே இல்லை.

இப்போது கதவோரத்து சீட்டில் அக்கா வருகிறாள். அவள் குனிந்து பார்த்துச் சொன்னாலும், அவரும் ஒருமுறை இறங்கி வந்து பின் சீட்டுவரை கையால் தடவிப் பார்க்கிறார். "என்மேல நம்பிக்கை இல்லையாடா?" என்று அக்கா முறைப்பாள். அவர் கடைசி சீட்டையும் தடவிவிட்டுத்தான் ஸ்டியரிங்குக்குத் திரும்புவார்.

முன்பெல்லாம் ஆண்டவனிடம் தூக்கத்தைக் கேட்பார். இப்போது மாத்திரையை வாயில் போடுமுன் வேறு ஒன்று கேட்கிறார்: "அவ வந்து பார்த்துட்டு, கதவு சாத்தியிருக்குன்னு வாசல்லயே நின்னுடக் கூடாது சாமி. நீயே கூட்டிட்டுப் போயிடு."

பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறார். தூக்கம் வந்துவிடுகிறது.