மருந்து வண்டியில் ஒரு கை கழுவும் தொட்டி

சித்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு எங்கள் வண்டியைத் தெரியும். மா பூவெடுக்கும் காலத்தில் தோப்பு தோப்பாகப் போய் மருந்தடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. மினி லாரியின் பின்னால் மருந்து டேங்க், பம்ப், சுருட்டி வைத்த ஓஸ். ஓட்டுவது நான். மருந்து கலக்குவது என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்சாதி. ஓஸ் பிடிப்பவர்கள் குடிபாலா பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். வேலையில் எங்களைக் குறை சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோப்பில் கரண்ட் இருந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். இல்லையென்றால் மண்ணில் கையைத் தேய்த்து, துண்டில் துடைத்துவிட்டு டப்பாவைத் திறப்பார்கள். அந்தத் துண்டு காலையிலிருந்து மருந்தில் ஊறிய துண்டு. தயிர்சோறு மருந்து வாடை அடிக்கும். கண்ணில் சாரல் தெறித்தாலும் அதே துண்டுதான். "பழகிப்போச்சிக்கா" என்பார்கள். இதிலெல்லாம் என்ன பழக்கம் வேண்டிக் கிடக்கிறது?

திருப்பதியில் வண்டிக்குக் கூண்டு கட்டுகிற ஒரு பட்டறையில் போய் நின்றேன். கேபின் மேல் ஒரு தண்ணீர் தொட்டி, பக்கவாட்டில் கை கழுவ ஒரு குழாய், சோப்புக்கு ஒரு தட்டு. அதோடு முகத்தைக் குனிந்து வைத்தால் இரண்டு கண்ணுக்கும் கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் எழும்பி வர இரண்டு சின்னக் குழாய். பட்டறைக்காரர் சிரித்தார். "வண்டியிலேயே சலூன் வெக்கிறீங்களாம்மா?" என்றார். டீக்கடையில் நிறுத்தினால் மற்ற வண்டிக்காரர்கள் விடவில்லை. "கை கழுவ குழா கீது, பந்தி எங்கக்கா?" என்று கேட்டார்கள். பந்திக்கு மொய்யோடு வா என்றேன்.

என் ஆட்களுக்கு மட்டும் கறாராகச் சொல்லி வைத்தேன். இந்தத் தண்ணீரில் கால் கழுவக் கூடாது. வாய் வைத்துக் குடிக்கக் கூடாது. எச்சில் கையோடு மூடியைத் திறக்கக் கூடாது. தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடிக்க வேண்டும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டார்கள். நான் சொன்னால் எடுபடுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இப்படிப்பட்ட சட்டங்கள் எங்கள் ஊரில் கோயிலுக்கு மட்டும்தான் உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பொங்கலுக்கு நான் நகரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலை எங்கள் பக்கம் கனுமா என்றும் சொல்வார்கள். மாட்டுக்கு நடக்கிற மரியாதை அன்றைக்கு வண்டிக்கும் நடக்கும். மறுநாள் விடிந்ததும் நான் வந்து பார்த்தபோது வண்டி கல்யாணப் பெண் மாதிரி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பொட்டு, பம்புக்குப் பொட்டு, கை கழுவும் தொட்டிக்கு மஞ்சள் கயிறு, குழாய்களுக்கெல்லாம் சந்தனம். கேலி செய்த தொட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "தண்ணி புடிச்சாச்சா?" என்று கேட்டேன். "ரொம்பி கீதுக்கா" என்றாள் ஓரகத்தி.

அன்றைய தோப்பு ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே. கரண்ட் மதியத்துக்கு மேல்தான். வேலை சூடு பிடித்த நேரத்தில் பம்ப் பக்கம் ஓஸ் ஒழுகியது. நான் பம்பை நிறுத்தாமல் கிளிப்பை முறுக்கினேன். மருந்தடிக்கும்போது போடுகிற கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அதை நெற்றிக்கு ஏற்றியிருந்தேன். ஓஸ் பிடுங்கிக்கொண்டது. மருந்து நேராக முகத்தில் அடித்தது.

மிளகாய்ப்பொடி விழுந்தால் எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். இது அது இல்லை. வலது கண் இருக்கிற இடமே தெரியவில்லை, நெருப்புதான் தெரிந்தது. ஆனாலும் நான் பதறவில்லை. இதற்காகத்தானே தொட்டி கட்டினேன்? கண்ணை மூடிக்கொண்டே வண்டியைத் தடவிப் போய், குழாய் மேல் முகத்தைக் குனிந்து, "தொறங்கடா!" என்று கத்தினேன்.

யாரும் திறக்கவில்லை.

"ஆகண்டி, ஆகண்டி" என்று அண்ணன்காரன் என் தோளைப் பிடித்து இழுத்தான். நில்லுங்கள் என்கிறான்; அவனுக்குப் பயம் வந்தால் தெலுங்குதான் வரும். நான் குழாயைத் தேடிக் கையை வீசினேன். கையை ஓரகத்தி பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா! அதுல மஞ்சா கலந்து, எலுமிச்சம்பழம் புழிஞ்சி உட்டுக்கீறோம். கண்ண காப்பாத்துற தண்ணியாச்சேன்னு நேத்து கலசம் மாரி வெச்சி கும்புட்டோம். காலைல அத்த கீழ கொட்ட மனசு வரல."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு நொடி எரிச்சலே தெரியவில்லை. அடுத்த நொடி பயம் வந்தது. கண் போய்விட்டால் ஸ்டியரிங்கை யார் தொடவிடுவார்கள்? வண்டி போனால் நான்கு வீட்டு அடுப்பும் அணையும். அதற்கெல்லாம் முன்னால், சும்மா என் கண், எனக்கு வேண்டும்.

"குடிக்கிற கேன் எங்க?" என்றேன்.

அன்றைக்கு முழுக்கக் குடிப்பதற்கு இருந்தது அந்த ஒரே கேன்தான். தம்பிக்காரன் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஓரகத்தி மருந்துக் கையை அந்த மஞ்சள் தண்ணீரிலேயே சோப்புப் போட்டுக் கழுவினாள். அதற்காவது அது உதவியது. நான் மண்ணில் ஒருக்களித்துப் படுத்தேன். "மூக்காண்டேர்ந்து வெளிய ஊத்து. நல்லா கீற கண்ணுக்குப் போவக் கூடாது. நான் மூடினாலும் நீ தொறந்து புடி" என்றேன். விரலால் இமையை விரித்துப் பிடித்துச் செம்பு செம்பாக ஊற்றினாள். கேன் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

அண்ணன்காரன் வண்டியை எடுத்தான். ரோட்டில் முதல் கடையில் இன்னொரு கேன் வாங்கி ஏற்றினார்கள். சித்தூர் போகும்வரை ஓரகத்தி மடியில் என் தலை. வண்டி குலுங்கக் குலுங்க ஊற்றிக்கொண்டே வந்தாள். என் சேலையும் அவள் சேலையும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன.

கண் டாக்டர் இன்னொரு முறை கழுவி, லைட் அடித்துப் பார்த்தார். உடனே கழுவியது யார் என்று தெலுங்கில் கேட்டார். ஓரகத்தியைக் காட்டினேன். "மஞ்சி பனி சேசாவம்மா" என்று அவளைப் பாராட்டிவிட்டு, மேலே கொஞ்சம் உரசல்தான், சொட்டு மருந்தில் ஆறிவிடும், பார்வைக்குப் பயமில்லை என்றார். அவள் விசும்பிக்கொண்டு நின்றாள்.

இப்போதும் கனுமாவுக்குத் தொட்டிக்குப் பூசை உண்டு. வெளியில் எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளட்டும். குழாய் வாய்க்கும் உள்ளே இருக்கிற தண்ணீருக்கும் ஒன்றும் கூடாது. தொட்டியில் இருக்கிற அம்மனுக்குப் பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். அது அவர்களுக்குப் புரிந்தது.

அன்றைக்கு டாக்டரிடமிருந்து கண்ணுக்குக் கட்டுப் போட்டு வெளியே வந்தேன். வாயில் நிறைய திட்டு சேர்த்து வைத்திருந்தேன். மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்குவதாக முடிவு. வண்டி வெயிலில் நின்றது. இரண்டாவது கேனில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உதடு வெடித்து வெள்ளையாகிவிட்டிருந்தது. காலையிலிருந்து ஒருத்தர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை.

தம்பிக்காரன் எழுந்து நின்று கேட்டான்: "அக்கா, இனிமே கண்ணுக்கு வேணாமில்ல? நாங்க குடிச்சிக்கலாமா?"

செம்பை வாங்கி நானே ஊற்றிக் கொடுத்தேன்.