எஸ்தரக்காவின் ஒரு தட்டு

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் இவ்வளவுதான். எஸ்தரக்கா — தோலைத் தடவித் தரம் சொல்பவர். எதிரே நான் — தோலை எடுத்துப் போட்டு, தரம்வாரியாக அடுக்குகிறவன். மேனேஜர் நசீர் பாய். சத்துவாச்சாரியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பெண் திவ்யா. ஐந்தாவதாக அந்தக் கம்ப்யூட்டர். அதையும் ஆளாகத்தான் எண்ண வேண்டும். கண்ணும் காதும் இருந்ததே...

போன வியாழக்கிழமை. ஆம்பூரில் நான் வேலை செய்கிற தோல் ஃபேக்டரி.

இனிமேல் அக்கா சொல்லும் தரம் உடனே கம்ப்யூட்டரில் ஏற வேண்டுமாம். டைப் அடிக்க வேண்டாம். பேசலாம், விரல் காட்டலாம், திரையைத் தொடலாம்.

"மனுஷங்ககிட்ட பேசுற மாதிரி இயல்பா பேசுங்கக்கா, போதும்," என்றாள் திவ்யா.

பாய் மீதியைச் சொன்னார். "எஸ்தரம்மா, சனிக்கிழமை கணக்கு சரியா வரணும். இல்லன்னா இந்த மேஜைக்கு வேற ஆளு, நீங்க பேக்கிங். ஆர்டர் குடுக்குறவங்க கம்ப்யூட்டர் கணக்குதான் கேக்குறாங்க. நான் இன்னா பண்றது?"

பத்தொன்பது வருஷமாக அக்கா நிற்கும் மேஜை. அவர் அடுத்த தோலை இழுத்துத் தடவினார்.

முதலில் பேச்சு. பக்கத்திலேயே ஸ்ப்ரே மெஷின் ஓடுகிறது. அக்கா "ரெண்டு" என்பார். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். கத்துவார். கத்தும்போது கை நின்றுவிடும். கை நின்றால் தோல் எப்படித் தெரியும்?

அடுத்து விரல். ஒரு விரல் காட்டினால் முதல் தரம். ஆனால் அக்கா கையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். கேமரா அதையும் ஒரு விரலாக எண்ணியது. நல்ல தோலெல்லாம் இரண்டாம் தரமாகப் போனது.

"சாக்பீஸைக் கீழ வெச்சுட்டுக் காட்டுங்கக்கா."

"வெச்சுட்டா? தோல்ல காயம் இருக்குற எடத்த எதால வட்டம் போடுறது?"

அப்புறம் திரை. எண்ணெய்க் கை, தேய்ந்த விரல். தொட்டார். துடைத்துவிட்டுத் தொட்டார்.

"நாலு தடவ தொட்டாத்தான் திரும்பிப் பாக்குது. எங்க வூட்டுக்காரர் கணக்கா," என்றார் அக்கா. திவ்யா சிரித்துவிட்டாள். பாய் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் திவ்யா எல்லாவற்றையும் அணைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க எப்பவும் போல பண்ணுங்க. நான் பாக்குறேன்."

நான் தோலைப் போட்டேன். அக்கா தடவினார், மேஜையைத் தட்டினார். நான் எடுத்து அடுக்கினேன். அடுத்த தோல்.

"அண்ணா... அக்கா எதுக்கு மேஜையத் தட்டுறாங்க?"

"ஒண்ணு தட்டுனா முதல் தரம். ரெண்டுன்னா ரெண்டாவது. மூணுன்னா கழிவு."

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"நீ பேசத்தானே சொன்ன."

அவள் மைக்கைக் கழற்றினாள். மேஜைக்கு அடியில் வைத்து டேப் போட்டு ஒட்டினாள். மெஷின் சத்தத்தை விட்டுவிட்டு, பலகையில் விழும் தட்டை மட்டும் கம்ப்யூட்டர் எண்ணும். ஒவ்வொரு தடவை தரம் ஏறும்போதும் கேமரா ஒரு படம் எடுத்து வைக்கும்.

இயல்பு, இயல்பு என்கிறார்கள். யாருடைய இயல்பு? ஸ்ப்ரே மெஷின் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றவர்களுக்குப் பேச்சா இயல்பு? எனக்கு அவ்வளவாகப் படிப்பில்லை. ஆனால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு மூளை உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாய் வந்தார். அன்றைய தோலை நான் கையால் எண்ணியது நானூற்றுப் பதினாறு. கம்ப்யூட்டரில் நானூற்றுப் பதினேழு.

"ஒண்ணு ஜாஸ்தி வருதே," என்றார் பாய்.

அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

திவ்யா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தோல், தோல், தோல்... நிறுத்தினாள். திரையில் காலி மேஜை. நடுவில் ஒரு கிளாஸ் டீ. கீழே 'முதல் தரம்' என்று எழுதியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. நாலு மணிக்கு டீ வந்தால் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு மேஜையைத் தட்டுவார். நன்றாக இருந்தால் ஒன்று. தண்ணியாக இருந்தால் இரண்டு. பத்தொன்பது வருஷப் பழக்கம்.

சொன்னேன். பாய் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு டீ நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "திங்கக்கிழமையும் நீங்களே நில்லுங்க எஸ்தரம்மா."

அக்கா மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். நல்ல வேளை, திவ்யா அதற்குள் கம்ப்யூட்டரை அணைத்திருந்தாள்.

தோல் நானூற்றுப் பதினாறு. டீ ஒன்று.