ஏரித் தண்ணீரும் பிரிஜெட் மேடத்தின் பென்சிலும்

எங்கள் கல்லூரியில் ஒரு நூலகம் இருப்பது, தரச்சான்றுக் குழு வரும் வாரத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நாற்காலிகளைத் துடைப்பார்கள். வாசலில் ரங்கோலி போடுவார்கள். வராந்தாவில் திரியும் மாணவர்களைப் பிடித்து வந்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து உட்கார வைப்பார்கள். குழு காரில் ஏறியதும் நூலகம் மறுபடி பிரிஜெட் மேடத்தின் தலையில் விழும்.

பிரிஜெட்டுக்கு ஐம்பத்தொரு வயது, லிங்கராஜபுரத்தில் வீடு. நூலகராக வருவதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் மாதா கோயில் ஆபீஸில் ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தவர். அந்த வேலையில் வாயால் சொல்லும் தேதிக்கு மதிப்பில்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதையும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்துவைப்பது கத்தோலிக்க வழக்கம். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை இனிப்பு டப்பாவும் கையுமாக வந்து, கல்யாணத்துக்குச் சான்றிதழ் கேட்டார். பிரிஜெட் ஓரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். இனிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக பிரிஜெட் சொல்வார். கதையில் அந்த இடம் மட்டும் எனக்குச் சந்தேகம்.

இந்தப் பழக்கத்தை அவர் கல்லூரிக்கும் கொண்டுவந்ததுதான் எங்கள் கெட்ட காலம். இறுதியாண்டு ஆய்வறிக்கையின் ஆதாரப் பட்டியலுக்கு நூலகர் முத்திரை வேண்டும் என்று எப்போதோ ஒரு முதல்வர் விதி போட்டுவிட்டார். முந்தைய நூலகர் அறிக்கையைப் பிரிக்காமலே குத்திக் கொடுப்பார், நல்ல மனுஷர். பிரிஜெட் பிரிப்பார். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதுவார். அளந்தவரே எழுதியதை மாணவர் திறந்து படித்திருந்தால் 'கண்டது'. வேறொருவர் அளந்ததை எடுத்துச் சொல்லும் ஆதாரம் என்றால் 'கேட்டது'. யார் அளந்தார்கள், எப்போது, எப்படி என்று எங்குமே இல்லையென்றால் 'கதை'. கதை ஒன்று இருந்தாலும் முத்திரை கிடைக்காது.

ஒரு பையன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் விளம்பரப் பக்கத்தை ஆய்வுக் கட்டுரை என்று கொண்டுபோனான்.

"யாருப்பா எழுதினது?"

"இன்டர்நெட், மேம்."

"இன்டர்நெட்டுக்கு இனிஷியல் இல்லையா? ஊரு, வருஷம், எதுவும் இல்லையா? போ, ஆள் யாருன்னு பார்த்துட்டு வா."

பையன்கள் வெளியே வந்து என்னிடம் அழுவார்கள். நான் சந்திரசேகரன், சுற்றுச்சூழல் அறிவியல் துறைத் தலைவர். துறையில் இருப்பதே இரண்டு பேர், மற்றவர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஆகவே தலைமைக்குக் குறைவில்லை. "அந்தம்மா பட்டியலைத்தானே பார்க்கிறார், நம்மைப் போல அறிவியலா படித்தார்?" என்று நான் ஆறுதல் சொல்வேன்.

போன வருஷம் என் வழிகாட்டலில் சிந்து என்ற பெண் வந்து சேர்ந்தாள். ஸ்ரீராம்புரத்தில் வீடு, அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை. கல்லூரிக்குப் பக்கத்து ஏரியில் பாஸ்பேட் எவ்வளவு என்பது அவள் ஆய்வு. துணி துவைக்கிற சோப்புத்தூளிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருகிற உப்பு அது. கூடிப்போனால் ஆகாயத்தாமரை மண்டி ஏரி செத்துவிடும். ஆறு மாதம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாள். சராசரி லிட்டருக்கு 1.9 மில்லிகிராம் என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"தப்பு" என்றேன். அந்த ஏரிக்கு 4.7. அது ஊரறிந்த எண். தொண்டு நிறுவன அறிக்கையில் இருக்கிறது, ஆய்விதழில் இருக்கிறது, நானே வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன்.

"இத்தன தடவையும் தப்பா வருமா சார்?"

"வரும். பழகாத கை."

"4.7ன்னு யாரு சார் அளந்தாங்க?"

"எல்லாரும்."

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. அதற்குள் 1.9 சரி என்று சொல்லும் ஆதாரத்தைக் கொண்டுவா, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப அளந்து எழுது என்று சொல்லிவிட்டேன். ஜூலையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. பட்டம் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். கண்டிப்பான ஆசிரியர் என்று பெயரெடுக்க வேண்டாமா?

அவள் பிரிஜெட்டிடம் போனாள். 1.9க்கு ஆதாரம் தேடித் தருவார் என்று போனவளிடம் அவர், "உன் நம்பர் இருக்கட்டும்மா. மொதல்ல அவங்க நம்பர் எங்க பொறந்துச்சுன்னு பார்ப்போம்" என்றாராம். கெட்டுது குடி.

மூன்று நாள் இரண்டு பேரும் ஒரே மேஜையில். தொண்டு நிறுவன அறிக்கையைத் திறந்தார்கள். 4.7க்கு அடிக்குறிப்பு இருந்தது, அது ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைக் காட்டியது. கட்டுரையைத் திறந்தால் அதன் அடிக்குறிப்பு 2011ஆம் வருஷத்துச் செய்தித்தாளைக் காட்டியது. பிரிஜெட் பழைய கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினார். நாங்கள் இரண்டு முறை எடைக்குப் போடச் சொல்லி, அவர் இரண்டு முறையும் காதில் வாங்காத கட்டுகள். செய்தியில், '2004இல் ஒரு கல்லூரி மாணவர் செய்த ஆய்வின்படி' என்று இருந்தது. கல்லூரியின் பெயரும் இருந்தது. எங்கள் கல்லூரி.

புதன்கிழமை மதியம் பிரிஜெட் எனக்கு ஆள் விட்டார். போனேன். மேஜையில் பச்சை ரெக்ஸின் அட்டை போட்ட ஒரு முதுகலை ஆய்வேடு. அட்டையில் தங்க எழுத்தில் ம. சந்திரசேகரன்.

நம்பினால் நம்புங்கள், அதுவரை எனக்கு உறைக்கவில்லை. மாணவனாக இருந்தபோது எனக்கும் 4.7தான் வந்தது என்பது நினைவிருந்தது. பிறகு பெரிய பெரிய அறிக்கைகளிலும் அதே எண்ணைப் பார்த்தபோது, 'பார், அன்றைக்கே நம் கை எவ்வளவு சுத்தம்' என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அத்தனை பேரும் என்னிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று தோன்றவே இல்லை.

பிரிஜெட் கடைசிப் பக்கத்து இணைப்பைத் திருப்பினார். என் கையெழுத்தில், 'மாதிரி: 1. நாள்: விநாயகர் சிலைகள் கரைத்த மறுநாள்.'

"ஒரே பாட்டில்தானா சார்?"

"ஒண்ணுதான்."

"ஏன் சார்?"

"மழை" என்றேன். உண்மையில் ஏரி நாறியது, எனக்குத் திரும்பப் போக மனமில்லை. சிலை, பூ, சாக்கடை எல்லாம் சேர்ந்து கலங்கிய படித்துறையில் மொண்ட ஒரு பாட்டில், செய்தித்தாளில் 'ஓர் ஆய்வு' ஆகி, ஆய்விதழில் 'ஆய்வுகள்' ஆகி, அறிக்கையில் 'பல ஆண்டு ஆய்வுகள்' ஆகிவிட்டது. பிள்ளை வளர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பிரமிப்பு.

"இத கிரிகிரி, தகராறுன்னு ஆக்காம விட்டுடலாமே, மேடம். அந்த 4.7 வரிய எடுத்துடச் சொல்றேன்."

"வரிய எடுத்துடலாம் சார். அவ அளந்தது தப்புன்னு நீங்க சொன்னீங்களே, அத எப்டி எடுக்கிறது?"

"பார்க்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். சிந்துவைக் கூப்பிட்டு உன் அளவு சரி என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வியாழன் முழுக்கக் கிடைக்கவில்லை. பிரிஜெட்டோ மூன்று பெரிய ஆதாரங்களுக்கும் 'கேட்டது' என்றும், என் ஆய்வேட்டுக்கு 'கண்டது' என்றும் எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வெளித்தேர்வாளராக டாக்டர் டென்சில் வந்தார். அந்த ஆய்விதழ்க் கட்டுரையை எழுதியவரே அவர்தான். காபி முடிவதற்குள் 1.9ஐப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? சும்னே, இஷ்டத்துக்கு எழுதிட்டியா? இந்த ஏரிக்கு 4.7. நானே பேப்பர்ல போட்டிருக்கேன். அடுத்த வருஷம் ஒழுங்கா அளந்துட்டு வா." பேனாவை மூடிவிட்டார்.

சிந்து என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சார், நீங்க சொல்ற நம்பர் லைப்ரரில ஒரு தீசிஸ்லேர்ந்து வருது" என்றாள்.

"கொண்டு வரச் சொல்லு."

பிரிஜெட்டே எடுத்துக்கொண்டு வந்தார். அட்டையைக் காட்டாமல், இணைப்பைத் திறந்தபடி தேர்வாளர் முன்னால் வைத்தார். டென்சில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஒரே சாம்பிள். அதுவும் விசர்ஜனைக்கு மறுநாள்! எந்த முட்டாள் எழுதினது இத?"

பிரிஜெட் வாயைத் திறக்கவில்லை. சிந்துவும் சொல்லவில்லை. இருவரில் ஒருத்தர் சொல்லியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அந்தப் பெண்ணின் வேலையையும் ஒரு வருஷத்தையும் பறிக்க இருந்த நான் அங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, என் மானத்தை அவர்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் சார்" என்றேன். "என்னுடைய 4.7 தப்பு. அவ அளந்ததுதான் சரி."

டென்சில் என்னைப் பார்த்தார். பிறகு, அந்த முட்டாளை நம்பிக் கட்டுரை எழுதியவர் யார் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சட்டென்று இளகிவிட்டது. அறிவியலில் இதெல்லாம் சகஜம் என்றார். சிந்துவைத் தேர்ச்சி என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டென்சில் போனை எடுத்து, அடுத்த கட்டுரைக்கு ஆகும் என்று '1.9' என்று குறித்துக்கொண்டார்.

"எத்தன பாட்டில்னு கேக்கலியே சார்?" என்றார் பிரிஜெட்.

டென்சில் அசடு வழிய என் பக்கம் திரும்பினார். எப்படியாவது உதவவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நான், "பன்னிரண்டு" என்றேன் கம்பீரமாக.

சிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினொண்ணு சார். ஒண்ணு பஸ்ல ஒடஞ்சிடுச்சு. முப்பத்தொண்ணாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

பிரிஜெட் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். பதினொன்று என்றுதான் இருந்தது. பக்கத்தின் அடியில், 'வழிகாட்டி முழுதும் படித்துச் சரிபார்த்தது' என்ற வரிக்குக் கீழே, அன்று காலை நான் போட்ட கையெழுத்து இருந்தது.