பத்தாவது புதன்கிழமை வந்த ரொட்டி

பிற்பகல் தொழுகை நேரமும், மையத்துக்கு வரும் ஆண்களுக்குத் தேநீர் கொடுக்கும் நேரமும் புதன்கிழமைகளில் ஒன்றாகவே வரும். நான் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஒரு நாள் புருல்கான் அக்கா சமையல்கட்டுக்கு வந்து என் கையிலிருந்து கெண்டியை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துவிட்டது, தானே ஊற்றுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாப் புதன்கிழமையும் அவருக்குக் கால் மரத்துப்போனது.

ஓஷ் நகரத்தில் எங்கள் மையம் இருந்தது. மனைவியை அடித்த ஆண்களை நீதிமன்றம் அங்கே அனுப்பும். பன்னிரண்டு வாரம் வந்தாக வேண்டும். அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களைத் திருத்தப் பார்ப்பது அக்காவின் வேலை. பெருக்குவதும் டீ போடுவதும் என் வேலை. நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் முதல் நாள் ஒவ்வொருவரிடமும் அக்கா சொல்வது எனக்கு மனப்பாடம்.

"இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. ஒரு உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் தாண்டும். அப்பவும் உங்களுக்குத் தெரியாம செய்ய மாட்டேன். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிடுவேன்."

மெலிஸ் என்று ஒருவர் வந்தார். வெல்டிங் வேலை செய்கிறவர். அதிர்ந்து பேச மாட்டார், செருப்பை வரிசையாகக் கழற்றி வைப்பார். அவர் மனைவி சைராகுலின் தாடையையும் கையையும் உடைத்தவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் இருக்கும் பக்கம் போகக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். அவள் குழந்தையோடு உஸ்கென் ஊரில் ஒளிந்திருந்தது அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். குழந்தைக்குக் குளிர்கால பூட்ஸ் கொண்டுபோனது நான்தான்.

பத்தாவது புதன்கிழமை மெலிஸ் துணியில் சுற்றிய ரொட்டி கொண்டுவந்தார். வெறுங்கையோடு வரக் கூசியதாம்.

"என்னடா, பொண்ணு பார்க்கப் போற மாதிரி ரொட்டியோட வந்திருக்க?" என்றார் கூட இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நம்ம வீட்டுப் பொண்ணுதானே, புதுசா என்ன பார்க்குறது" என்றார் மெலிஸ்.

துணியைப் பிரித்து ரொட்டியை நிமிர்த்தி வைத்தார். சுடுவதற்கு முன் ரொட்டிக்காரர்கள் நடுவில் குத்தும் ஊசி அச்சின் தடத்தைப் பார்த்தேன். வட்டத்தில் ஓர் ஊசி உடைந்து, ஒரு புள்ளி விட்டுப்போன அச்சு. உஸ்கெனில் சைராகுல் இருந்த சந்தின் முனையில் ஒரு கிழவர் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுவார். அது அவருடைய அச்சு. பூட்ஸ் கொண்டுபோன அன்று நானும் அங்கே வாங்கினேன். அவர் சந்தைக்கு அனுப்புகிறவர் இல்லை, அடுப்படியிலேயே விற்றுவிடுவார். கிண்ணங்களை அடுக்க வந்தவள் தட்டை அப்படியே கீழே வைத்தேன். இறைவா, இறைவா என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

அடுப்பு எரியவில்லை என்று பொய் சொல்லி அக்காவை உள்ளே அழைத்தேன். அந்த அச்சைப் பற்றிச் சொன்னேன்.

"அவர் வாயால ஒண்ணும் சொல்லலையே, துர்சுனாய். வெறும் ரொட்டி."

"சொல்ற வரைக்கும் காத்திருந்தா அவ இருக்க மாட்டாக்கா."

சைராகுலை உடனே வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார் அக்கா. அன்றைய ஒரு மணி நேரப் பேச்சு முடியும்வரை மெலிஸைத் தன் எதிரிலேயே உட்கார வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அந்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

நான் போன் செய்தேன். சைராகுல் அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் ஓடினாள். எந்த வீட்டுக்கு என்று இங்கே எழுத மாட்டேன்.

மற்றவர்கள் போன பிறகு அக்கா மெலிஸை நிறுத்தினார். கதவு திறந்தே இருந்தது. நான் துடைப்பத்தோடு நின்றேன்.

"இந்த ரொட்டி எந்தத் தெருவுல வாங்கினதுன்னு எனக்குத் தெரியும், மெலிஸ். இப்ப போலீசுக்குச் சொல்லப் போறேன். நீதிபதிக்கும் எழுதுவேன்."

அவர் மீதி ரொட்டியைத் துணியில் பொறுமையாகச் சுற்றினார்.

"சரிக்கா. உங்க வீடு எந்தத் தெருன்னு எனக்கும் தெரியும்."

மூன்று நாளாக ஓர் ஆள் சந்து முனையில் நின்றதாக ரொட்டிக்காரர் போலீசிடம் சொன்னார். உத்தரவை மீறியதற்காக மெலிஸைச் சில நாள் உள்ளே வைத்தார்கள். அவர் அண்ணன், ரகசியம் காக்க வேண்டியவள் காட்டிக்கொடுத்தாள் என்று அக்காமேல் மனு கொடுத்தார். விசாரணை முடியும்வரை அக்கா யாரோடும் உட்காரக் கூடாது என்றார்கள். அதற்குள் மெலிஸ் வெளியே வந்துவிட்டார். தினமும் மையத்தின் வாசலுக்கு எதிரே நின்று, என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு சலாம் சொல்வார்.

அக்கா நரின் ஊருக்குத் தங்கையிடம் புறப்பட்டார். பஸ் நிலையத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார். சைராகுல் நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வந்தேன். கையால் என் வாயைப் பொத்தினார்.

"அவ எங்க இருக்கான்னு என்கிட்ட சொல்லாத. பின்னாடி நானே போன் பண்ணிக் கேட்டாலும், அழுது கேட்டாலும், சொல்லாத."