வளையம் விழாத பக்கம்

பரிமளா கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில்.

போன ஆடியில் அவள் புருஷன் மாயவன் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. குப்பத்தில் காயம் என்றால் மணலில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடி இலையைப் பறித்து, தண்ணீர் விட்டு அரைத்துக் கட்டுவார்கள். பரிமளாவும் அதைத்தான் செய்தாள். கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புண்ணில் கிருமி பெருகி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. உடம்புதான் திரும்பி வந்தது.

இப்போது அதே இலையைச் சோதிக்கப் போவதாகச் சொன்னார் பேராசிரியர் ஹரிஹரன். பறித்து வந்து கொடுத்தவளும் அவள்தான். கிருமி வளரும் கண்ணாடித் தட்டில் இரண்டு காகித வில்லைகளை வைத்தாள். ஒன்றில் ஆய்வுக்கூட ரசாயனமான மெத்தனாலில் இலையை ஊறவைத்து எடுத்த சாறு. மற்றதில் தண்ணீரில் அரைத்தது.

மறுநாள் காலையில் மெத்தனால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவான வளையம் விழுந்திருந்தது. தண்ணீர் வில்லையை ஒட்டிக் கிருமி அப்பிக் கிடந்தது.

"சூப்பர்! கடலோர ஜனங்க வைத்தியம் நிஜம்னு கட்டுரையில எழுதிடலாம்," என்றார் ஹரிஹரன். "வளையத்த மட்டும் போட்டோ எடும்மா."

பரிமளா போனைக் கையில் எடுக்கவில்லை. தட்டில் தண்ணீர் வில்லை இருந்த பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"இத்தயும் எழுது சார். மெத்தனாலுக்கு எங்க ஜனம் எங்க சார் போவும்? எங்க வூட்டுக்காரருக்கு நான் தண்ணியிலதான் அரைச்சேன்."